பால்டர்ஸ் கேட் 3: நால்வர் அணியை அமைப்பதும் களத்தில் நடத்துவதும்

மன்னார்குடியில் எங்கள் வீட்டு மாடியறையில் விடுமுறை நாள்களில் அக்காள் மகனும் அவனுடைய நண்பர்கள் மூவரும் ஒரே கணினியின் முன் அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தைப் பங்கிட்டுக்கொண்டு, மவுஸைக் கைமாற்றி ‘பால்டர்ஸ் கேட் 3’ விளையாடுகிறார்கள். தொடங்கிய முதல் வாரத்தில் ஒரே சண்டையில் ஏழெட்டு முறை தோற்றார்கள். விதிகள் அவர்களுக்கு ஓரளவு புரிந்திருந்தும், ஒவ்வொருவரும் தன் பாத்திரத்தை மட்டுமே வலுவாக்கிக்கொண்டிருந்தார்கள். ‘மாமா, இருக்கிறதிலேயே பெரிய வாளைத்தான் எடுத்திருக்கேன், அப்பவும் செத்துப்போறேன்’ என்று அவன் முறையிட்டபோது, எந்தத் திறனை எடுப்பதற்கு முன்பும் அது மற்ற மூவரின் முறைக்கு, அதாவது சண்டையில் அவர்கள் ஆடும் வாய்ப்புக்கு, என்ன தரும் என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். அன்று முதல் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவற்றைப் புதிதாகத் தொடங்குவோருக்காக இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

பெல்ஜியம் நாட்டு லாரியன் ஸ்டூடியோஸ் நிறுவனம் 2023 ஆகஸ்ட் 3 அன்று கணினிக்கு வெளியிட்ட இந்த விளையாட்டு, ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் மேசைப் பகடை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளைச் சில மாற்றங்களோடு பின்பற்றுகிறது. அணியில் ஒரே நேரத்தில் நால்வர் இருக்கலாம். எட்டக்கூடிய உச்ச நிலை 12. விளையாட்டில் தமிழ் இல்லாததால், திரையில் தேடிப் பிடிக்க வசதியாகத் திறன்களின் பெயர்களை ஒலிப்பின்படியே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: கணினியும் சேமிப்பும்

எஸ்.எஸ்.டி. வட்டில் 150 ஜிபி இடம் ஒதுக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நம் பக்கத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாதாகையால், ஒவ்வொரு சண்டைக்கும் ஒவ்வொரு முக்கிய உரையாடலுக்கும் முன்னால் எஃப்5 விசையை அழுத்திச் சேமிக்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். எஃப்8 அந்த இடத்துக்கே திருப்பி அழைத்துவரும். கடினத்தில் ‘பேலன்ஸ்டு’ அளவைத் தேர்ந்தெடுங்கள். சிரமமாக இருந்தால் ‘எக்ஸ்புளோரர்’ அளவுக்கு நடுவிலேயே இறங்கலாம். அதில் எந்தக் குறைவும் இல்லை. ஒரே சேமிப்பை மட்டும் அனுமதிக்கும் ‘ஹானர்’ முறையை முதல் ஆட்டத்தில் தொடவே வேண்டாம்.

இரண்டாம் படி: ஆறு எண்கள்

வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி, அறிவு, விவேகம், கவர்ச்சி என்று ஆறு பண்புகள். ஒவ்வொன்றும் 8இல் தொடங்கி 15 வரை உயரலாம். செலவிட 27 புள்ளிகள் உண்டு. அதன்மேல் ஒரு பண்புக்கு 2, இன்னொன்றுக்கு 1 கூட்டிக்கொள்ளலாம். பகடையோடு சேர்வது பண்பின் எண் அன்று. அந்த எண்ணிலிருந்து 10ஐக் கழித்துப் பாதியாக்கி, பின்னத்தை விட்டால் வருவதுதான் சேரும். ஆகவே 16க்கும் 17க்கும் ஒரே பலன், கூடுதல் 3. பின்னால் இரட்டைப்படையாக்கும் திட்டம் இல்லாமல் ஒற்றைப்படையில் நிறுத்தினால் புள்ளி வீணாகும். வாள்வீரர் ஒருவருக்கு வலிமை 16, சுறுசுறுப்பு 14, உடலுறுதி 16, அறிவு 8, விவேகம் 12, கவர்ச்சி 8 என்று அமைத்தால் 27 புள்ளியும் மீதமின்றிச் செலவாகும்.

புதியவர்கள் சுறுசுறுப்பைக் குறைத்துவிடுகிறார்கள். சண்டையில் யார் முந்துவது என்பதை இந்த விளையாட்டு நான்கு பக்கப் பகடையால் முடிவுசெய்து, அதனோடு சுறுசுறுப்பின் கூடுதலைச் சேர்க்கிறது. பகடையே 4ஐத் தாண்டாத இடத்தில் கூடுதலாக வரும் 2 மிகப் பெரிது. அணியினர் வரிசையில் அடுத்தடுத்து அமைந்துவிட்டால், அவர்கள் தங்களுக்குள் யார் முதலில் செய்வது என்று மாற்றி மாற்றி ஆடவும் முடியும்; அதன் பயன் பின்னால் வரும்.

மூன்றாம் படி: யார் எதைக் கற்பது

பேச்சு, பூட்டு, தேடல், ஒளிதல் முதலான 18 திறன்களை நால்வரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். உரையாடலை யார் தொடங்குகிறாரோ அவருடைய எண்ணே செல்லும் என்பதால், கவர்ச்சி உயர்ந்த ஒருவருக்குப் ‘பெர்சுவேஷன்’ கொடுத்து அவரையே முன்னால் நடக்கவிடுங்கள். பூட்டுத் திறக்கும் ‘ஸ்லைட் ஆஃப் ஹேண்டு’ ஒருவரிடம் இருந்தால் போதும். துணைவர்களுள் சுறுசுறுப்பு மிக்க அஸ்டேரியன் அதற்குப் பொருத்தமானவர். பகிர்வு விதிக்கு ஒரே விலக்கு ‘பெர்செப்ஷன்’. மறைந்திருக்கும் பொறிகளைக் கண்டறிய அணியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பகடை உருள்கிறது. இருவரிடம் இது இருந்தால் நல்லது.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வகுப்பு, அதாவது தொழில், உண்டு. அவற்றுள் பூசாரி போன்ற கிளெரிக் வகுப்பினர் எடுக்கக்கூடிய ‘கைடன்ஸ்’ என்னும் சிறுமந்திரத்துக்குச் செலவே இல்லை. அது திறன் சோதனையில் நான்கு பக்கப் பகடை ஒன்றைக் கூட்டித் தருகிறது. இதைத் தவிர்த்துவிட்டுத் தாக்கும் மந்திரத்தை மட்டும் எடுப்பவர்களுக்குப் பாதிப் பூட்டுகள் திறப்பதில்லை.

அணியின் அமைப்பைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. முன்னால் நின்று அடி தாங்க ஒருவர், ஆசியும் மருந்துமாகக் கிளெரிக் ஒருவர், கூட்டத்தை ஒரேயடியாகத் தாக்கும் மந்திரவாதி ஒருவர், பூட்டும் வில்லும் அறிந்த ஒருவர். இதே வரிசையில் இந்த வேலைகளுக்கு லேஸெல், ஷேடோஹார்ட், கேல், அஸ்டேரியன் ஆகிய நான்கு துணைவர்களும் தொடக்கத்திலேயே கிடைப்பார்கள். உங்கள் சொந்தப் பாத்திரம் யாருடைய வேலையைச் செய்கிறதோ அவரை முகாமில் இருக்கச் சொல்லுங்கள். ஷேடோஹார்ட் ‘டிரிக்கரி’ என்னும் பிரிவோடு வருகிறார். அதைவிட ‘லைஃப்’ அல்லது ‘லைட்’ பிரிவு புதியவர்களுக்கு உதவும் என்பது என் உறுதியான கருத்து. முதல் பகுதியிலுள்ள பழைய கல்லறையில் காணப்படும் விதர்ஸ் என்னும் பாத்திரம் முகாமுக்கு வந்த பின், 100 பொற்காசு வாங்கிக்கொண்டு எந்தப் பாத்திரத்தின் வகுப்பையும் எண்களையும் புதிதாக அமைத்துத் தருவார். தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டோமே என்று ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்குவதற்கு இங்கே அவசியமே இல்லை.

நான்காம் படி: ஒரு முறைக்குள் என்னென்ன உண்டு

ஒவ்வொரு முறையிலும் ஆக்‌ஷன் ஒன்று, போனஸ் ஆக்‌ஷன் ஒன்று, குறிப்பிட்ட தூரம் நடை, எதிரியின் முறையில் பயன்படும் ரியாக்‌ஷன் ஒன்று என நான்கு உண்டு. எங்கள் வீட்டு நால்வரும் முதல் வாரத்தில் ஆக்‌ஷனை மட்டும் செய்துவிட்டு முறையை முடித்துக்கொண்டிருந்தார்கள். மருந்துக் குப்பியைக் குடிப்பது, எதிரியைத் தள்ளுவது, தாண்டிக் குதிப்பது எல்லாம் போனஸ் ஆக்‌ஷன் கணக்கில் வருபவை. பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் எதிரியை லேஸெல் வாளால் வெட்டிவிட்டு, அதே முறையில் தள்ளியும் விடலாம். முழு உயிர்ப்புள்ளியோடு நின்றவன் அத்தோடு முடிந்துபோவான். மருந்துக் குப்பியை வீசினால் அது ஆக்‌ஷனாகும். ஆனால் அருகருகே கிடக்கும் இருவர்மேலும் தெறித்து இருவரையும் எழுப்பும். கிளெரிக்கின் ‘ஹீலிங் வேர்டு’ போனஸ் ஆக்‌ஷனில் தொலைவிலிருந்தே விழுந்தவரை எழுப்பும். ஆகையால் அதைச் சிறு காயங்களுக்குச் செலவிடாமல், யாரேனும் விழும்வரை வைத்திருப்பது சிறந்தது.

எதிரியின் பக்கத்திலிருந்து விலகி நடந்தால் அவனுக்கு இலவசமாக ஓர் அடி கிடைக்கும். எதிரி ஒட்டி நிற்கும்போது வில்லால் எய்தால் குறி தவறும் வாய்ப்பு பெருகும். வில்லாளர்கள் உயரமான இடத்தில் நிற்க வேண்டும். அங்கிருந்து எய்தால் தாக்கும் பகடைக்கு 2 கூடும், கீழிருந்து மேலே எய்தால் 2 குறையும்.

ஐந்தாம் படி: ஒருவரின் திறனுக்கு மற்றவர் தரும் மதிப்பு

இந்தப் படியைப் பொறுமையாகப் படியுங்கள். மற்றவை மறந்தாலும் இது நினைவில் இருக்கட்டும்.

முதல் நிலைகளில் கிளெரிக்கிடம் ‘பிளெஸ்’ என்னும் மந்திரம் உண்டு. மூவருடைய தாக்கும் பகடைக்கும் தற்காப்புப் பகடைக்கும் அது நான்கு பக்கப் பகடையொன்றைக் கூட்டுகிறது. சராசரியாக இரண்டரை கூடும். இருபது பக்கப் பகடையில் அது பன்னிரண்டரை விழுக்காடு. புதியவர் பலருக்கு இது அற்பமாகத் தெரிவதால், கிளெரிக்கையும் கதாயுதத்தோடு அடிக்க அனுப்பிவிடுகிறார்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். வலிமை 12 உள்ள கிளெரிக், கவச எண் (தாக்கும் பகடை எட்ட வேண்டிய எண்) 13 உள்ள எதிரியை 55 விழுக்காடு வாய்ப்பில்தான் அடிப்பார். பட்டால் சராசரி நான்கரைப் புள்ளி. ஆக ஒரு முறைக்குச் சுமார் இரண்டரைப் புள்ளி. அவரே அந்த முறையில் ‘பிளெஸ்’ போட்டால், ஆசி பெற்ற மூவர் நான்கு சுற்றில் பன்னிரண்டு முறை தாக்கும்போது, தவறியிருக்க வேண்டிய அடிகளில் ஒன்றரை அடி கூடுதலாகப் படும். ஓர் அடி 8 புள்ளி என்றால் அது 12 புள்ளி. தற்காப்பில் கிடைக்கும் பயன் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இனி வாளை எடுத்துக்கொள்வோம். நான்காம் நிலையில் வாள்வீரர் வலிமையை 2 உயர்த்தலாம். அல்லது ‘கிரேட் வெப்பன் மாஸ்டர்’ என்னும் சிறப்புத் திறனை எடுக்கலாம். பின்னது தாக்கும் பகடையில் 5ஐக் குறைத்து, பட்ட அடிக்கு 10 புள்ளி சேதத்தைக் கூட்டும். வலிமை 16 உள்ளவர் பெரிய வாளால் அடித்தால் சராசரி 10 புள்ளி. கவச எண் 13க்கு எதிராக வாய்ப்பு 65 விழுக்காடு. எனவே ஒரு வீச்சுக்கு ஆறரைப் புள்ளி. வலிமையை உயர்த்தினால் 70 விழுக்காட்டில் 11, அதாவது 7.7. சிறப்புத் திறனை எடுத்தால் 40 விழுக்காட்டில் 20, அதாவது 8. இரண்டுக்கும் வித்தியாசம் மிகச் சிறிது. அடிக்கடி தவறும் எரிச்சலையும் சேர்த்தால் பலர் முன்னதையே விரும்புவார்கள். ஆனால் கிளெரிக் ‘பிளெஸ்’ போட்டிருந்தால் முன்னது 9.1 ஆகவும், பின்னது பத்தரை ஆகவும் மாறுகின்றன. வாள்வீரர் எதை எடுப்பது நல்லது என்ற கேள்விக்கு விடை கிளெரிக்கிடம் இருக்கிறது. அக்காள் மகன் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த பிறகுதான் ஷேடோஹார்ட்டை நடத்தும் நண்பனைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டான். கவச எண் உயர்ந்த எதிரியிடம் மட்டும் அந்தச் சிறப்புத் திறனை அணைத்துவிடலாம். அதற்கான பொத்தான் கீழ்ப்பட்டையிலேயே உண்டு.

அஸ்டேரியனின் ‘ஸ்னீக் அட்டாக்’ இதற்கு இன்னொரு சான்று. தாக்குவதற்குச் சாதகம் இருக்க வேண்டும், அல்லது எதிரியை ஒட்டி நம்மவர் ஒருவர் நிற்க வேண்டும். அப்போதுதான் கூடுதல் சேதம் சேரும். முதல் நிலையில் ஓர் ஆறு பக்கப் பகடை, மூன்றில் இரண்டு, ஐந்தில் மூன்று என அது வளரும். அஸ்டேரியன் முதலில் எய்துவிட்டு லேஸெல் பிறகு ஓடிச்சென்றால் அந்தப் பகடை வீண். லேஸெல் முதலில் ஒட்டி நிற்க, அஸ்டேரியன் பிறகு எய்ய வேண்டும். இருவரின் முறையும் அடுத்தடுத்து வந்தால் இந்த வரிசையை நாமே அமைத்துக்கொள்ளலாம் என்பதற்காகவே சுறுசுறுப்பைக் குறைக்க வேண்டாம் என்றேன். சாதகம் என்பது இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுப்பது. 65 விழுக்காடு அப்போது ஏறத்தாழ 88 ஆகும்.

‘பிளெஸ்’ போன்ற மந்திரங்கள் ‘கான்சென்ட்ரேஷன்’ வகையைச் சேர்ந்தவை. ஒருவர் ஒரே நேரத்தில் அவ்வகையில் ஒன்றைத்தான் தாங்க முடியும். இரண்டாவதைப் போட்டால் முதலாவது கலைந்துவிடும். அடிபடும்போதெல்லாம் உடலுறுதிச் சோதனை நடக்கும். 10 அல்லது பட்ட சேதத்தில் பாதி, இவற்றில் எது பெரிதோ அதை எட்ட வேண்டும். ஆகவே கிளெரிக்குக்கு விவேகத்துக்கு அடுத்தபடி உடலுறுதியைக் கொடுங்கள். நெருக்கமான சண்டையில் அவரை ஒரு தூணுக்கோ பாறைக்கோ பின்னால் நிறுத்துங்கள். எதிரி மந்திரவாதிக்கும் இதே விதி என்பதால், அவன் எதையேனும் தாங்கி நின்றால் சிறு சிறு அடிகளாகப் பல அடிப்பது பயன் தரும். மூன்று கணைகளாகப் பிரிந்து, குறி தவறவே தவறாத ‘மேஜிக் மிசைல்’ அதற்கு மிக ஏற்றது.

ஆறாம் படி: நீர், நெருப்பு, இடம்

உயிர்ப்புள்ளி ஒன்றே மிஞ்சிய எதிரியும் முழுப் பலத்தோடுதான் அடிப்பான். நான்கு பேரை அரைகுறையாகக் காயப்படுத்துவதைவிட ஒருவனை வீழ்த்துவது மேல். எதிரணிக்கு ஒரு முறை அப்போதே குறைகிறது. முதலில் மந்திரவாதி, அடுத்து வில்லாளர், கடைசியில் கவசமணிந்த முரடர் என்ற வரிசை பெரும்பாலான சண்டைகளுக்குப் பொருந்தும்.

எமரால்டு குரோவ் என்னும் இடத்தின் வாயிலில் கோப்ளின் என்னும் எதிரிகளின் கூட்டத்தோடு நடப்பதே அந்த ஏழெட்டுத் தோல்விகளுக்கு இடமான சண்டை. நால்வரும் வாயிலுக்கு நேரே ஓடிப்போய்க் கூட்டத்தின் நடுவில் நின்றிருந்தார்கள். மேட்டுப் பகுதியில் இருவரை ஏற்றி, லேஸெலை மட்டும் கீழே நிறுத்தி, நம் பக்கம் நின்று போரிடும் ‘வில்’ என்னும் பெயருடைய பாத்திரத்துக்கு முதல் அடிகளைத் தாங்க இடம் கொடுத்தபோது அடுத்த முயற்சியிலேயே வென்றார்கள். ‘ஸ்லீப்’ என்னும் முதல் நிலை மந்திரம் மொத்தம் 24 உயிர்ப்புள்ளி வரையிலான எதிரிகளைத் தூங்கவைக்கும். தொடக்கத்தில் அது மிக வலியது. நான்காம் நிலைக்குப் பிறகு அதை விட்டுவிடலாம்.

நனைந்தவர்மேல் மின்னலும் குளிரும் இரட்டிப்புச் சேதம் தரும், நெருப்போ குறைந்துவிடும். மழைக்காலத்தில் ஈரக் கையோடு மோட்டார் கொட்டகைச் சுவிட்சைத் தொடாதே என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவைப்படவில்லை. கிளெரிக் ‘கிரியேட் வாட்டர்’ போட்டு, அடுத்த முறையில் கேல் ‘லைட்னிங் போல்ட்’ வீசினால், சராசரி 28 புள்ளி 56 ஆகும். அதே இடத்தில் கேல் ‘ஃபயர்பால்’ வீசினால் தண்ணீர் ஊற்றியவரின் உழைப்பே எதிரிக்குக் கேடயமாகிவிடும். எனவே மந்திரம் கற்கும்போதே கிளெரிக்கும் மந்திரவாதியும் பேசிக்கொள்ள வேண்டும். தண்ணீர்ப் புட்டியை வீசினாலும் நனையும். மந்திரம் இல்லாதவரும் இதில் உதவலாம்.

ஏழாம் படி: கடைமடைக்கும் எட்ட வேண்டும்

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு, தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து போகிறது. வரத்து குறைந்த ஆண்டில் முறை வைத்துத் திறப்பார்கள். தலைமடைக்காரர் தாராளமாகப் பாய்ச்சிவிட்டால் கடைமடை வயல் வெடிக்கும். மந்திரம் போடும் எண்ணிக்கையும் இப்படி அளந்து வருவதுதான். கேலும் ஷேடோஹார்ட்டும் தங்கள் மந்திர இடங்களை நீண்ட ஓய்வில் மட்டுமே முழுமையாகத் திரும்பப் பெறுவார்கள். நீண்ட ஓய்வுக்கு ‘பேலன்ஸ்டு’ அளவில் உணவு 40 தேவை. இரண்டு நீண்ட ஓய்வுகளுக்கு இடையில் குறுகிய ஓய்வு இரண்டு முறை எடுக்கலாம். ஒவ்வொன்றும் பாதி உயிர்ப்புள்ளியைத் தரும். வார்லாக் வகுப்பினரான ‘வில்’ என்பவரின் மந்திரங்களும், லேஸெலின் ‘ஆக்‌ஷன் சர்ஜ்’ திறனும் குறுகிய ஓய்விலேயே திரும்பிவிடும். ஆகையால் சிறு சண்டைகளில் இவ்விருவரும் தாராளமாகச் செலவிடட்டும். கேல் செலவில்லாத சிறுமந்திரங்களோடு நிற்கட்டும். பெரிய சண்டை வரும்போது அவருடைய கையிருப்பு அப்படியே இருக்கும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. உணவைச் சேர்த்துச் சேர்த்து வைத்து, ஓய்வே எடுக்காமல் களைத்த அணியோடு அலைபவர்கள் இருக்கிறார்கள். துணைவர்களின் கதைகள் முகாம் இரவுகளில்தான் நகர்கின்றன. ஓய்வெடுக்காவிட்டால் அவற்றை இழப்பீர்கள். எரியும் கட்டடம் போல உடனே கவனிக்க வேண்டிய சில நிகழ்வுகளைக் கண்ணெதிரே விட்டுவிட்டுத் தூங்கப் போகாமல் இருந்தால் போதும்.

எட்டாம் படி: நிலை உயரும்போது

நான்கு, எட்டு, பன்னிரண்டாம் நிலைகளில் எல்லா வகுப்பினருக்கும் சிறப்புத் திறன் கிடைக்கும். ஐந்தாம் நிலையில் வாள்வீரருக்கு ஒரே ஆக்‌ஷனில் இரண்டு வீச்சும், மந்திரவாதிக்கு ‘ஃபயர்பால்’, ‘லைட்னிங் போல்ட்’ முதலானவையும், கிளெரிக்குக்குத் தன்னைச் சுற்றி எதிரிகளைச் சுடும் ‘ஸ்பிரிட் கார்டியன்ஸ்’ மந்திரமும் வருகின்றன. ஆட்டம் முழுவதிலும் இதைப் போல ஒரே படியில் வலிமை பாயும் இடம் வேறில்லை. அதனால் ஐந்தை எட்டும் வரை வகுப்புகளைக் கலக்காதீர்கள். கிளெரிக் இந்த நிலைக்கு வந்தவுடன் பின்னால் நிற்கும் வழக்கத்தை மாற்றி, கேடயத்தோடு கூட்டத்துக்குள் நடக்கலாம். ‘ஸ்பிரிட் கார்டியன்ஸ்’ கூட ‘கான்சென்ட்ரேஷன்’ வகைதான் என்பதால், அப்போது ‘பிளெஸ்’ கலையும். எதிரிகள் பலராக நெருங்கி நின்றால் முன்னது, பலம் மிக்க ஒருவனாக நின்றால் பின்னது என்று கிளெரிக்கை நடத்துபவர் முன்கூட்டியே மற்றவரிடம் சொல்லிவிட்டால், வாள்வீரர் தம் சிறப்புத் திறனை எப்போது அணைப்பது என்பதும் தெளிவாகும்.

ஒன்பதாம் படி: தோற்கும்போது

நால்வரில் மூவர் விழுந்துவிட்டாலும் எஃப்8 விசைக்குப் போக வேண்டியதில்லை. மிஞ்சிய ஒருவர் எதிரிகளிடமிருந்து போதிய தூரம் விலகிவிட்டால், சண்டையிலிருந்து தப்பி முகாமுக்குச் செல்லும் வாய்ப்பைத் திரை காட்டும். இறந்தவரை ஆளுக்கு 200 பொற்காசு வாங்கிக்கொண்டு விதர்ஸ் அங்கே உயிர்ப்பிப்பார். இதற்காகவே எங்கள் வீட்டில் அஸ்டேரியனை நடத்தும் பையன், எந்தச் சண்டையிலும் மற்ற மூவரைவிடத் தள்ளி, வழிக்கு அருகில், உயரமான இடத்தில் அவரை நிறுத்துகிறான்.